நரம்புக்கும் ஒரு செக்ரோல்

ஊவாத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையின் கணக்கு சில எண்களோடு முடிந்துவிடும். பறித்த கொழுந்து 18 கிலோ; பல தோட்டங்களில் இதுதான் நாளளவு, சிலவற்றில் ஒன்றிரண்டு கிலோ கூடும், குறையும். ஈரத்துக்கும் சாக்குக்கும் ஒரு கழிவு. வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு நாள் வேலைக்குப் பேர் ஒன்று, அளவு குறைந்தால் அரைப்பேர். கடைசியாகக் கூலி.

கூலியின் கதை எல்லாருக்கும் தெரியும். 2021இல் 1,000 ரூபா. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 என்றும், அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு 200 சேர்ந்து 1,750 என்றும் அறிவிக்கப்பட்டது. இந்தக் கட்டுரை முழுக்க ஒரு பேரின் விலை 1,750 ரூபா என்றே வைத்துக்கொள்கிறேன்.

கொழுந்தைக் கண்டுபிடிப்பதும் விரலை அசைப்பதும் மலையில் கால் வழுக்காமல் பார்ப்பதும் நரம்புத் தொகுதியின் வேலை. அதற்குத் தராசும் இல்லை, செக்ரோலும் இல்லை. ஒன்று எழுதிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அதை ஓட்டும் செலவு அற்பம். அது பழுதானால் வரும் செலவு பெரும்பாலும் மருந்துக் காசாக வருவதில்லை. நிமிடமாக, நாளாக, மாதமாக வருகிறது. நம்முடைய கணக்குப் புத்தகத்தில் இல்லாத பத்தி அதுதான்.

இருப்பு

வளர்ந்த ஒருவரின் உடம்பில் உள்ள சரக்கு:

மூளை: 1.3 முதல் 1.4 கிலோ, உடல் எடையில் சுமார் 2 வீதம்.
நரம்புக்கலங்கள்: மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி.
அதில் மூளிக்கு: 6,900 கோடி.
மூளையத்தின் மேற்பட்டைக்கு: 1,600 கோடி.
மற்றப் பகுதிகளுக்கு: 100 கோடி அளவில்.
முண்ணாண்: ஆணுக்கு 45 செ.மீ., பெண்ணுக்கு 43 செ.மீ. அளவில்.
மண்டையோட்டு நரம்புகள்: 12 சோடி.
முண்ணாண் நரம்புகள்: 31 சோடி. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழ் திருவென்பில் 5, வாலென்பில் 1.
மூளையையும் முண்ணாணையும் சுற்றியுள்ள நீர்: கையிருப்பு 150 மி.லீ.; நாளொன்றுக்குப் புதிதாகச் சுரப்பது 500 மி.லீ. ஆகவே ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் மாறிவிடுகிறது.

8,600 கோடி என்ற எண் 2009இல் பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹவுசலும் அவருடைய குழுவினரும் எண்ணிச் சொன்னது. அதுவரை புத்தகங்கள் 10,000 கோடி என்று முழுத்தொகையாக அச்சிட்டு வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க: வைத்தியத்துக்குப் பயன்படும் அட்டைக்கு உள்ள நரம்புக்கலங்கள் மொத்தம் சுமார் 10,000. மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையும் அதன் உறவுதான்.

இந்தப் பட்டியலில் நின்று பார்க்க வேண்டிய வரி மூளியுடையது. பின்மண்டையின் அடியில், மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்காக இருக்கிற இந்தச் சிறு பகுதியில்தான் நரம்புக்கலங்களில் ஐந்தில் நாலு பங்கு குவிந்திருக்கிறது. உடம்பின் சமநிலை, அசைவின் தாளம், இரண்டு கையும் ஒன்றையொன்று இடிக்காமல் வேலை செய்வது எல்லாம் இதன் பொறுப்பு. சரிவில் நின்று, நிரையைப் பார்த்துக்கொண்டே, முதுகில் கூடையோடு இரண்டு கையாலும் பறிக்கிற வேலைக்குப் பொருளாதார அட்டவணைகளில் ‘திறனற்ற உழைப்பு’ என்று பெயர். உடம்பின் இருப்புக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

முண்ணாணின் நீளத்திலும் ஒரு செய்தி உண்டு. அது முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியும், மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் நீர் எடுக்கும் ஊசியும் அதற்குக் கீழேதான் இறங்குகின்றன. அந்த ஊசி முண்ணாணைக் குத்திக் காலை முடக்கிவிடும் என்ற லயத்துப் பேச்சு இந்த ஓர் அளவோடு அடிபட்டுப் போகிறது.

ஓட்டச் செலவு

2 வீத எடையுள்ள மூளை, உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தியில் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த அளவில் பார்த்தால் பெருந்தீனிக்காரன். ரூபாவில் பார்த்தால் நிலைமை வேறு.

மின்சாரமாக: 20 வாட். 24 மணித்தியாலத்துக்கு 0.48 யுனிட், மாதத்துக்கு 14.4 யுனிட்.
குளுக்கோசாக: நாளொன்றுக்கு சுமார் 120 கிராம்.
சீனி கிலோ 250 ரூபா என்று வைத்தால்: நாளொன்றுக்கு 30 ரூபா.
இரத்தமாக: நிமிடத்துக்கு 750 மி.லீ.; நாளொன்றுக்கு 1,080 லீற்றர்.

30 ரூபா என்பது ஒரு பேரின் விலையில் 1.7 வீதம். இதில் பெரும்பங்கு யோசிப்பதற்கென்று தனியாகச் செலவாவதில்லை. ஒவ்வொரு நரம்புக்கலமும் தன் சுவருக்கு உள்ளே −70 மில்லிவோல்ட் அழுத்தத்தைக் காத்து வைத்திருக்க வேண்டும். அதற்காகச் சுவரிலுள்ள பம்புகள் இடைவிடாமல் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே இழுக்கின்றன. செய்தி ஒன்று போகும்போது அந்த −70, சுமார் +30 வரை ஏறி, ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் திரும்பவும் இறங்குகிறது. பாடப்புத்தகம் கணத்தாக்கம் என்று சொல்வது இதைத்தான். தூங்கினாலும் பம்பு நிற்காது. பட்டினி கிடந்தாலும் ஈரல் தன் இருப்பை உடைத்து மூளைக்குச் சீனி அனுப்பும்.

ஆனால் கடன் சொல்ல முடியாது. மூளையில் சேமிப்பு இல்லாத குறை. இரத்தம் நின்றால் 10 செக்கன் அளவில் நினைவு தப்புகிறது; சில நிமிடங்களில் கலங்கள் சாகத் தொடங்குகின்றன. நாளுக்கு 30 ரூபாவில் ஓடும் பொருள், ஒரு நிமிடப் பாக்கியைக்கூடத் தாங்காது. பின்னால் வரப்போகும் பெரிய நட்டங்கள் எல்லாம் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு கொழுந்தின் கணக்கு

ரெட்டை இலையும் மொட்டுமாக ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாகவே வைப்போம். 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து. நிறுவைக்கும் நடைக்கும் தேநீருக்கும் போக, கை கொழுந்தில் இருக்கும் நேரம் 7 மணித்தியாலம் என்றால் 25,200 செக்கன். கொழுந்து ஒன்றுக்கு 1.4 செக்கன். இளங்கொழுந்து அரைக் கிராம்தான் இருக்கும் மலையில் எண்ணிக்கை 36,000, நேரம் 0.7 செக்கன்.

அந்த நேரத்துக்குள் நடப்பதைப் பிரித்தால்: கண் கொழுந்தைக் கண்டு கை அதற்கு அசையத் தொடங்க 0.2 செக்கன் போகும். அதில் கழுத்திலிருந்து விரல் நுனிவரை உள்ள 90 செ.மீ. தூரத்தைச் செய்தி கடக்க எடுப்பது 0.016 செக்கன்தான், கை நரம்பின் வேகம் செக்கனுக்கு 50 முதல் 60 மீற்றர். மீதி நேரம் முழுவதும் தலைக்குள் செலவாகிறது. இது கொழுந்தா, வளர்ச்சி நின்ற வங்கியா? முத்தலா, இளசா? விடலாமா, எடுக்கலாமா? பழகிய கை ஒரு கொழுந்தை ஒடிக்கும்போதே கண் அடுத்ததற்குப் போய்விடுவதால்தான் 0.7 செக்கன் கட்டுபடியாகிறது.

விரல் பக்கத்திலும் சரக்கு நிறைய. ஓர் உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் தொடுகையை உணரும் நரம்பு அலகுகள் சுமார் 17,000 என்று 1979இல் சுவீடனில் ஜொஹான்சனும் வால்போவும் கணக்கிட்டார்கள். விரல் நுனியில் 2, 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகள் குத்தினாலும் இரண்டென்று தெரியும். முதுகில் அதே இரண்டு, 4 செ.மீ. அளவுக்கு விலகினால்தான் இரண்டாகத் தெரியும். காம்பு முறிகிறதா, நார் இழுக்கிறதா என்பதைக் கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடுகிறது.

இதில் குளிர் ஒரு கழிவு வைக்கிறது. நரம்பின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் இறங்கினால் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர் அளவில் குறையும். 33 பாகையில் இருக்க வேண்டிய கை, அப்புத்தளைப் பக்கம் பனிக்காலக் காலையில், ஈர இலைக்குள் 25 பாகைக்கு இறங்கினால் 16 மீற்றர் போயிற்று. 55இல் ஓடியது 39இல் ஓடும். விரல் மரத்துப்போவது சோம்பலின் கணக்கில் சேராது. ஈரக் கொழுந்துக்குத் தராசில் தண்ணீர்க் கழிவு உண்டு. ஈரக் கைக்கு எந்தக் கழிவும் இல்லை.

குளவி கொட்டிய ஒரு செக்கன்

எல்லா நரம்பும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தடித்ததும் கொழுப்புறை போர்த்தியதுமான இழை வேகமாக ஓடும். உறையில்லாத மெல்லிழை நடக்கும்.

தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் தடித்த இழை: செக்கனுக்கு 70 முதல் 120 மீற்றர் வரை என்பது புத்தகக் கணக்கு.
தொடுகை: 35 முதல் 75 மீற்றர்.
சுரீர் என்ற வலி: 5 முதல் 30 மீற்றர்.
எரிச்சலும் கடுப்பும்: 0.5 முதல் 2 மீற்றர்.

மலையில் வேலை நடக்கும்போது குளவி கிளம்புவது ஊவாவில் அடிக்கடி செய்தியாகும் சங்கதி. பாதத்தில் ஒன்று கொட்டினால், அங்கிருந்து முண்ணாண்வரை ஒரு மீற்றர் என்று வைப்போம். ஏதோ பட்டது என்ற தொடுகை 0.02 செக்கனில் போய்ச் சேரும். சுரீர் என்பது 0.07 செக்கனில். எரிச்சல் சேர ஒரு முழுச் செக்கன் ஆகும். அதற்கு முன்பே கால் இழுபட்டிருக்கும், ஏனென்றால் இழுக்கச் சொல்லும் கட்டளை மூளைவரை போகாமல் முண்ணாணிலேயே திரும்பிவிடுகிறது. இதுதான் தெறிவினை. ஒரு நரம்பு இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்ற அரை மில்லிசெக்கன் அளவே பிடிக்கிறது.

ஓடத் தொடங்கியதும் கணக்கு இன்னொரு கிளைக்கு மாறுகிறது. மனித இதயத்தைச் சும்மா விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை அளவில் அடிக்கும். பரபரிவு நரம்பு, அதாவது பத்தாம் மண்டையோட்டு நரம்பு, அதைப் பிடித்து 70க்கு நிறுத்தி வைத்திருக்கிறது. ஆபத்து வந்ததும் முதலில் அந்தப் பிடி தளரும். பிறகு மார்பிலும் மேலிடுப்பிலும் கிளம்பும் பரிவு நரம்புகள் உதைத்து 140, 150க்கு ஏற்றும். கண்மணி விரியும், வியர்வை வரும், குடல் வேலையை நிறுத்தும்.

மணிக்கட்டும் கத்தியும்

மணிக்கட்டில் எலும்பாலும் ஒரு பட்டியாலும் ஆன ஒடுக்கமான வழி இருக்கிறது. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. கையை மடக்கி நிமிர்த்தும் வேலை நாளுக்குப் பல்லாயிரம் தடவையானால் நாண்களின் உறை வீங்கும். இடமில்லாமல் நசுங்குவது அந்த ஒரு நரம்பு. பெருவிரலிலிருந்து மோதிர விரலின் பாதிவரை இரவில் விறைக்கும், ஊசி குத்தும், கையை உதறினால் சுகமாகும். சின்னவிரல் தப்பிக்கும், சின்னவிரலும் சேர்ந்து விறைத்தால் பழுது வேறிடம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து அங்குள்ள நரம்பு வேர் நெரிபட்டாலும் கை விறைக்கும். மருந்துக்காரரிடம் எந்த விரல் என்று சொல்வது பாதி வைத்தியம். தொடக்கத்திலேயே போனால் இரவில் கட்டும் ஒரு மணிக்கட்டுப் பட்டியோடு நிற்கலாம். பெருவிரலின் அடிச்சதை வற்றிய பிறகு போனால் அறுவை செய்தும் முழுக்கத் திரும்பாமல் போகலாம்.

கவ்வாத்துக் கத்தி மணிக்கட்டைப் பதம் பார்த்து நரம்பு அறுந்தால் கணக்கு இன்னும் நேரடியானது. தைத்த நரம்பு வளரும் வேகம் நாளுக்கு 1 மி.மீ.

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 செ.மீ.: 180 நாள்.
முழங்கையிலிருந்து என்றால் 40 செ.மீ. மேல்: 400 நாளுக்கு மேல்.
180 நாளுக்கு மாதம் 25 பேர் வீதம்: 150 பேர்.
150 பேர் × 1,750 ரூபா: 262,500 ரூபா.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைக்கும் தையலுக்கும் காசில்லை. இந்த 262,500இல் மருந்தின் பங்கு பூச்சியம். முழுவதும் நாளின் விலை. வேலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. ஆனால் வெட்டுப்பட்ட அன்றே காயத்தைப் பதிந்து வைப்பது நல்லது. “கட்டுப்போட்டு விட்டாங்க, ஆறிடும்” என்று விட்டால், மூன்றாம் மாதம் விரல் உணர்வில்லை என்று போய் நிற்கும்போது காட்ட ஒரு துண்டும் இருக்காது.

மூளையிலும் முண்ணாணிலும் இந்த 1 மி.மீ. கூடக் கிடைக்காது. அங்கே அறுந்த இழை திரும்ப வளர்ந்து சேருவதில்லை. மரம் வெட்டும்போதும் லொறியின் பின்தட்டில் போகும்போதும் முதுகெலும்பு முறிந்தவரைத் தூக்கி மடக்கி ஏற்றக்கூடாது, பலகையில் நேராகக் கிடத்த வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

நல்லெண்ணெயின் கணக்கு, 1977–78

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 1977இன் பிற்பாதியிலும் 1978இன் முற்பாதியிலும் ஒரு வினோதமான முடக்கம் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 20 பேருக்கு மேல். எல்லாரும் தமிழ்ப் பெண்பிள்ளைகள், இளவயதினர். முதலில் கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தொங்கியது, பிறகு கைகளிலும் பலவீனம். அவர்களை ஆராய்ந்த நரம்பியல் வைத்தியர் நிமால் சேனாநாயக்கவும் ஜெயரட்ணமும் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெரியபிள்ளையானவர்களுக்குக் கொடுக்கும் நல்லெண்ணெயில்தான் விஷம் இருந்தது. ட்ரை-கிரெசில் பொஸ்பேற்று என்ற தொழிற்சாலை இரசாயனம் அதில் கலந்திருந்தது. கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்பது அவர்களின் முடிவு.

பையன்கள் ஏன் தப்பினார்கள், பெரியவர்கள் ஏன் தப்பினார்கள் என்ற கேள்விக்குச் சடங்கே விடை. அந்த எண்ணெயை அந்த நாட்களில் குடித்தவர்கள் அவர்கள்தான். பாதம் ஏன் முதலில் விழுந்தது என்பதற்கு உடற்கூறு விடை. இந்த விஷம் நரம்பிழையை அதன் நுனியிலிருந்து பின்னோக்கிக் கொல்கிறது. முதுகிலிருந்து பாதம்வரை ஒரு மீற்றர் போகும் இழைகளுக்குத்தான் சரக்கு கொண்டுபோவது கடினம். அடி முதலில் அங்கே விழும். நீரிழிவு நரம்பைத் தின்னும்போதும் இதே வரிசைதான்: முதலில் கால்விரல், பிறகு கணுக்கால், கைக்கு வருவது கடைசியில். குடித்ததற்கும் முடக்கத்துக்கும் இடையில் ஒன்று முதல் மூன்று வாரம்வரை போய்விடும். அதனால்தான் இந்த விஷத்தில் எண்ணெய்மேல் யாருக்கும் சந்தேகம் எழுவது கடினம்.

இதே இரசாயனம் 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் பேரையும், 1959இல் மொரோக்கோவில் சமையல் எண்ணெயில் கலந்து சுமார் 10,000 பேரையும் முடக்கியது. எண்ணிக்கையில் மலையகத்தின் 20 சிறியது. ஆனால் மூளையிலிருந்து முண்ணாண் வழியாக இறங்கும் இழைகளும் அவர்களில் சிலருக்குப் பழுதாகியிருந்தன. மூன்று வருடம் தொடர்ந்து கவனித்ததில் அந்தப் பகுதிதான் தேறவில்லை. வெளிநரம்பு வளர்ந்தது, உள்நரம்பு வளரவில்லை.

நஞ்சும் பாம்பும்

நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ஒரு மில்லிமீற்றரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அகலமான இடைவெளி உண்டு. நரம்பு அங்கே அசற்றைல்கோலின் என்ற பொருளைக் கொட்டுகிறது, தசை சுருங்குகிறது, ஒரு நொதியம் மிச்சத்தை உடனே துடைக்கிறது. அந்த நொதியத்தின் ஒரு மூலக்கூறு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் துடைக்கும். வெலிமடைப் பக்க மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் ஒர்கனோபொஸ்பரஸ் பூச்சிமருந்துகள் கைவைப்பது அந்தத் துடைப்பானில். துடைக்க ஆளில்லாமல் எச்சில், வியர்வை, கண்ணீர் வழியும், கண்மணி ஊசிமுனையாகும், தசை துடித்துச் சோரும்.

இதில் உலகப் பாடப்புத்தகத்தில் ஏறிய ஓர் எண் இலங்கையிலிருந்து போனது. முதல் நாள் பிழைத்தவர்களில் சிலருக்கு 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கழுத்தைத் தூக்க முடியாமல் போய், மூச்சுத்தசையும் தளரும் என்று 10 நோயாளிகளை வைத்து சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987இல் எழுதினார்கள். மருந்து நெடியில் மயங்கி, ஊசி போட்டுத் தெளிந்தவர் மறுநாளே துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதே சோதனை.

பாம்பு தாக்குவதும் பெரும்பாலும் இதே இடைவெளியைத்தான். வீடு வீடாக நடத்தி 2016இல் வெளியான தேசிய ஆய்வின்படி இலங்கையில் ஒரு வருடத்தில் 80,000க்கு மேல் கடி, 30,000 பேருக்கு விஷம் ஏறியது, 400க்கு மேல் மரணம். மொனராகலை, பிபிலை, வெல்லவாயப் பக்கத்து வறண்ட நிலத்தில் கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. முடக்கத்தின் முதல் அடையாளம் இமை சொருகுவது. நாகத்தின் விஷம் தசைப் பக்கக் கதவை அடைக்கிறது. விஷமுறிவு மருந்துக்கு அது ஓரளவு மசியும். கட்டுவிரியனின் விஷம் நரம்பு நுனியையே அழிக்கிறது. அழிந்த பிறகு மருந்து ஏற்றியும் பயன் குறைவு. நுனி திரும்ப வளரும்வரை நாட்கணக்கில் இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும். ஆகவே கடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓட வேண்டும். கயிறு கட்டுவதும் கீறுவதும் வீண் செலவு.

நிமிடத்தின் விலை

மிகப் பெரிய கணக்கு பாரிசவாதத்துடையது. மூளையின் பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் போவது, 2006இல் ஜெப்ரி சேவர் போட்ட கணக்கின்படி:

நரம்புக்கலம்: 19 லட்சம்.
நரம்பிணைப்பு: 1,400 கோடி.
உறையுள்ள நரம்பிழை: 12 கி.மீ.

இனி மேல்டிவிசன் ஒன்றிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு பயணத்தை எழுதுவோம். இது அளந்த கணக்கில்லை, இருக்கக்கூடிய கணக்கு. வாய் கோணியிருக்கிறது என்று வீட்டார் தெளிய 20 நிமிடம். வண்டி தேட 30. தோட்டத்து வீதியில் பசறைக்கு இறங்க 30. பசறையிலிருந்து வளைவும் நெளிவுமான 20 கி.மீ. அளவு பாதையில் பதுளைக்கு 40. மொத்தம் 120 நிமிடம்.

நரம்புக்கலம்: 22 கோடியே 80 லட்சம்.
நரம்பிழை: 1,440 கி.மீ. கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள 292 கி.மீ. புகையிரதப் பாதையின் நீளத்தைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

8,600 கோடியில் 22.8 கோடி என்பது கால் வீதத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் போவது எங்கே என்பதுதான் பேச்சு. வலது கையை ஆட்டும் இடமும் வாய் பேசும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் நாலரை மணித்தியாலம், 270 நிமிடம். 120 போனால் மிச்சம் 150. அதற்குள் ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா இரத்தக்கசிவா என்று பிரித்தாக வேண்டும். கசிவுக்கு அந்த ஊசி போட்டால் ஆள் போய்விடுவார். “விடியட்டும், பார்ப்போம்” என்று ராத்திரி 9 மணிக்குச் சொன்னால் விடியற்காலை 5 மணிக்கு 480 நிமிடம். கதவு எப்போதோ மூடியாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து வீதிகள் அடைபட்டபோது இந்தக் கணக்குக்கே இடமில்லாமல் போனது. வீதி திறந்திருக்கும் நாளில் 1990க்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. முகம் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல் மூன்றில் ஒன்று போதும், அழைக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதே ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி. அங்கே போய்ச் சேரும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் போடக்கூடாது.

மீதி

பாரிசவாதத்துக்கு முதல் காரணம் இரத்த அழுத்தம். 140க்கு 90 என்ற கோட்டைத் தாண்டினால் மருந்து. மருந்து அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். நாள் இலவசமில்லை. மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 பேர் போகும், 21,000 ரூபா. மாத்திரை பாதியில் நிற்பதற்குப் படிப்பறிவின்மையைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்த 21,000ஐயும் எழுதிப் பார்க்க வேண்டும்.

400 பேர் வேலைசெய்யும் ஒரு தோட்டத்தில் 80 பேருக்குப் பிரஷர் இருக்கிறது என்று வைத்துக் கணக்கிடுவோம். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர் போடுவதென்று தோட்டம் முடிவு செய்தால்:

80 × 12 × 1,750: வருடத்துக்கு 1,680,000 ரூபா.
400 பேர் × 300 வேலைநாள்: 120,000 பேர்.
ஒரு பேருக்கு விழும் சுமை: 14 ரூபா.

அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களுக்கு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்து, கிளினிக்கை வருடத்துக்கு 4 ஆக்கினால் 560,000 ரூபா. ஒரு பேருக்கு 4 ரூபா 67 சதம். தாதி ஒருவர் மாதத்தில் ஒரு நாள் நிறுவை மடுவத்துக்கு வந்து பிரஷர் பார்த்தால் அதுவும் குறையும்.

மறுபக்கத்தை எழுதுவோம். வேலைசெய்யும் வயதில் ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்து, அவரைப் பார்க்க இன்னொருவர் வீட்டில் நின்றால், மாதம் 25 பேர் வீதம் இரண்டு பேருடைய வருட இழப்பு 1,050,000 ரூபா. ஒரே ஒரு காம்பராவின் ஒரு வருட நட்டம், முழுத் தோட்டத்தின் நாலு கிளினிக் செலவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருடத்துக்கு ஒருவரை விழாமல் காத்தாலே காசு திரும்பிவிடும்.

இந்தக் கணக்கில் ஒரே ஓர் இடறல்: 560,000ஐச் செலவழிக்க வேண்டியது தோட்டம், 1,050,000ஐ இழப்பது லயம். இரண்டும் ஒரே புத்தகத்தில் வராததால்தான் யாருக்கும் அவசரமில்லை. அடுத்த தடவை கூலிப் பேச்சுக்குத் தொழிற்சங்கங்கள் உட்காரும்போது 1,750க்கு மேல் எத்தனை என்பதோடு, கிளினிக் நாளுக்குப் பேர் உண்டா என்ற வரியையும் மேசையில் வைக்கலாம். கேட்பது பேருக்கு 5 ரூபாகூட இல்லை.